முந்திப் பிரயோகியோம் என்னும் வாக்குறுதி



அணுகுண்டைப் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதியுண்டு என்று எம்மைக் கேட்போர் இருக்கலாம். நாம் பௌதிக விஞ்ஞானம் கற்றவரல்லர், படை நடத்தியவருமல்லர். சட்டம் கற்றோம். ஒருவர் மற்றவருக்குக் கொடுத்த வாக்கு எத்துணைத் தூரம் செல்லும், எந்த இடத்தில் அறுந்துபோகும் என்பதை ஆராய்ந்து கூறுவதே எமது தொழில். இன்று பேச எடுத்துக்கொண்ட விடயமும் ஒரு வாக்குறுதியே. அணுவாயுதத்தை நாம் முந்திப் பிரயோகியோம், எம்மீது பிரயோகிக்கப்பட்டால் மாத்திரமே திருப்பிப் பிரயோகிப்போம் என்பதே அவ்வாக்குறுதி.

உலகில் ஒன்பது நாடுகளிடம் ஏறக்குறைய 12,000 அணுவாயுதங்கள் உள்ளன. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்களவு அமெரிக்காவிடமும் இரஷ்யாவிடமும் இருக்கின்றது. எவ்வித நிபந்தனையுமின்றி இவ்வாக்குறுதியை அளித்துள்ள நாடு சீனா ஒன்றே. இந்தியா சில விலக்குகளுடன் அளித்துள்ளது. மற்றவை அளிக்க மறுத்தவை, அன்றேல் அளித்துவிட்டுப் பின்வாங்கியவை. இஸ்ரவேலோ தன்னிடம் குண்டு உண்டென்பதையே ஒப்புக்கொள்வதில்லை. இவ்வளவு எளிய வாக்குறுதியை, "நான் முதலில் அடிக்கமாட்டேன்" என்று பள்ளிச் சிறுவனும் சொல்லக்கூடிய ஒன்றை, வல்லரசுகள் சொல்லக் கூசுவது ஏன்? சொன்னவர்களையேனும் நம்பலாமா? இவையே எமது வினாக்கள்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி லொப் நோர் பாலைவனத்திற் சீனா தனது முதலாவது அணுகுண்டை வெடித்தது. அன்றே வெளியிட்ட அறிக்கையில், எக்காலத்திலும் எச்சூழ்நிலையிலும் அணுவாயுதத்தைத் தான் முதலிற் பிரயோகிக்கப் போவதில்லை என்று பீக்கிங் அரசாங்கம் கூறிற்று. இதனை அறத்தின் வெற்றியென்று புகழவும் வேண்டாம்; வெறும் வேடமென்று இகழவும் வேண்டாம். அன்று சீனாவிடம் இருந்த குண்டுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை; அதன் தரைப்படையோ கடல்போன்றது. முந்திப் பிரயோகித்தால் அழிவது தானே என்பது அந்நாட்டுக்குத் தெரியும். ஆதலின் அவ்வாக்குறுதியை அளிப்பதால் அதற்கு நட்டமெதுவும் இருக்கவில்லை.

மறுபுறத்தைப் பாருங்கள். ஐரோப்பாவிலே சோவியத் தரைப்படை பெரிது. மேற்கு நாடுகளின் தரைப்படை சிறிது. அதற்கு ஈடாகப் படைதிரட்டுவதாயின் வரிப்பணம் போதாது. 1954ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் டலஸ் நியூயோர்க்கில் ஆற்றிய உரையில், ஆக்கிரமிப்பு நிகழும் இடத்திலேயே படைகொண்டு எதிர்ப்பதை விடுத்து, தாம் தெரிவுசெய்யும் இடத்திலும் தாம் தெரிவுசெய்யும் முறையிலும் பெரும் பதிலடி கொடுப்பதே கொள்கை என்று விளக்கினார். குண்டு மலிவு, படை விலையுயர்ந்தது. இதுவே அக்கொள்கையின் கணக்கு. இக்கணக்கின்படி, எதிரி துப்பாக்கியோடு எல்லை கடந்தாலும் அணுகுண்டால் விடையளிப்போம் என்ற அச்சத்தை அவன் மனத்தில் நிலைநிறுத்த வேண்டும். "முந்திப் பிரயோகியோம்" என்று சொல்லிவிட்டால் அந்த அச்சம் போய்விடும். அச்சத்தால் தடுத்தல் என்னும் கொள்கைக்கும் இவ்வாக்குறுதிக்கும் உள்ள பகை இங்கேதான் தொடங்குகின்றது. 1967ஆம் ஆண்டில் வட அத்திலாந்திக் நாடுகள் தம் கொள்கையைத் திருத்தி, படிப்படியான எதிர்ப்பு என்று பெயர் சூட்டியபோதும், முந்திப் பிரயோகிக்கும் உரிமையை மட்டும் கைவிடவில்லை.

1982ஆம் ஆண்டு இவ்வழக்கில் முக்கியமான ஆண்டு. அவ்வாண்டின் வசந்த காலத்தில் நான்கு அமெரிக்கர்கள் ஒரு சஞ்சிகையில் கட்டுரையொன்றை வெளியிட்டனர். அவர்கள் வீதியில் கொடிபிடித்தவர்களல்லர். ஒருவர், ஏழாண்டுகள் பாதுகாப்பு அமைச்சராயிருந்த மக்னமாரா. மற்றவர், கென்னடிக்கும் ஜோன்சனுக்கும் பாதுகாப்பு ஆலோசகராயிருந்த பண்டி. மூன்றாமவர், சோவியத் விரிவைக் கட்டுப்படுத்தும் கொள்கைக்கே வித்திட்ட கெனன். நான்காமவர், ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சுகளை நடத்திய சிமித். அணுவாயுதத்தைச் சிறிதளவு பிரயோகித்துப் போரைச் சிறிதளவில் நிறுத்திக்கொள்ளலாம் என்பதற்கு எவராலும் பிணை நிற்க முடியாது. ஆகவே தரைப்படையைப் பலப்படுத்திவிட்டு முதற் பிரயோகத்தைத் துறப்பதே மேல் என்று அவர்கள் வாதிட்டனர். அதே சஞ்சிகையில் நான்கு ஜெர்மானியர் மறுத்து எழுதினர். அம்மறுப்பையும் அலட்சியம் செய்யலாகாது. அணுவாயுத அச்சம் நீங்கினால் சாதாரணப் போர் எளிதாகும். அப்போர் நடக்கும் நிலம் எமது நிலமன்றோ என்பது அவர்களின் கவலை. யானைகள் பொருதும் வயலுக்கு உரியவன் அவ்வாறு பேசுவது இயல்பே.

அவ்வாண்டு யூன் மாதத்தில், ஐக்கிய நாடுகள் சபையின் படைக்கலக் குறைப்புக் கூட்டத்தொடரிலே, சோவியத் தலைவர் பிரெஷ்நெவ்வின் செய்தியை வெளிநாட்டமைச்சர் குரோமிக்கோ வாசித்தார். சோவியத் யூனியன் அணுவாயுதத்தை முதலிற் பிரயோகிக்காது என்பதே செய்தி. தரைப்படையில் மிஞ்சியிருந்தவர் சொன்னார். குறைந்திருந்தவர் சொல்ல மறுத்தார்.

இனி நாடகம் மாறுவதைக் கவனியுங்கள். 1991ஆம் ஆண்டின் முடிவிற் சோவியத் யூனியன் குலைந்தது. செம்படை சிதறிற்று, சம்பளம் கொடுக்கவும் பணமில்லை. 1993ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இரஷ்யா வெளியிட்ட புதிய இராணுவக் கோட்பாட்டில் 1982ஆம் ஆண்டின் வாக்குறுதி காணப்படவில்லை. பதினொரு ஆண்டுகளில் அது மறைந்துவிட்டது. அப்பொழுது தரைப்படையில் மிஞ்சியிருந்தவர் அமெரிக்கர். அவர்களேனும் இப்பொழுது அவ்வாக்குறுதியை அளித்தார்களா? அதுவும் இல்லை. 2022ஆம் ஆண்டின் அணுவாயுதக் கொள்கை மீளாய்விலும் அதனை ஆராய்ந்து, ஏற்கமுடியாத ஆபத்து விளையும் என்று கூறி ஒதுக்கிவிட்டார்கள். அவர்கள் கூறும் நியாயம் நேச நாடுகளைப் பற்றியது. யப்பானும் தென் கொரியாவும் ஜெர்மனியும் எமது குடையின் கீழ் நிற்கின்றன. குடையைச் சுருக்கினால் அவை தாமே குண்டு செய்யத் தலைப்படும் என்பது வாதம். இவ்வாதத்தில் உண்மை சிறிது உண்டு. ஆனால், குடைபிடிப்பவர் முந்திச் சுட வேண்டும் என்பதற்கும், நேச நாடு அணுவாயுதத்தால் தாக்கப்பட்டால் திருப்பித் தாக்குவோம் என்பதற்கும் இடையே உள்ள பேதத்தை அவ்வாதம் மறைத்துவிடுகின்றது. பின்னையதை எவரும் கைவிடச் சொல்லவில்லை.

இங்கே எமது தொழில் சார்ந்த ஒரு கேள்வி எழுகின்றது. இத்தகைய வாக்குறுதிக்குச் சட்டத்தில் என்ன பெறுமதி? எமது நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையிற் கையொப்பமிட்டாலன்றிக் காணிக் கைமாற்றம் செல்லாது. ஒருவர் தம் ஒரு பரப்புக் காணியை உமக்கே தருவேன் என்று கோயில் வாசலில் நின்று சொன்னாலும் நீதிமன்றம் காது கொடாது. வாக்குறுதி வேறு, உறுதி வேறு என்பது இங்குள்ள கமக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதன்று. அப்படியாயின் உலகத்தையே பொசுக்கவல்ல ஆயுதத்தைப் பற்றிய வாக்கு ஒரு பரப்புக் காணியளவும் பெறாதா?

பெறும் என்பதற்கு ஒரு தீர்ப்பு உண்டு. பிரான்ஸ் பசுபிக் சமுத்திரத்தில் ஆகாய அணுப் பரிசோதனை நடத்தியதை எதிர்த்து அவுஸ்திரேலியாவும் நியூசீலாந்தும் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆந் திகதி நீதிமன்றம் கூறிய முடிவு வியப்புக்குரியது. இனிமேல் ஆகாயப் பரிசோதனை நடத்தமாட்டோம் என்று பிரெஞ்சுத் தலைவர்கள் பகிரங்கமாகக் கூறிவிட்டார்கள். கட்டுப்படும் எண்ணத்தோடு ஓர் அரசு உலகறியக் கூறியது, எழுத்து உடன்படிக்கை இல்லாதபோதும், அவ்வரசைக் கட்டுப்படுத்தும் என்று நீதிபதிகள் தீர்த்தனர். ஆனால் "கட்டுப்படும் எண்ணத்தோடு" என்னும் சொற்களை மறந்துவிடாதீர்கள். வல்லரசுகளின் சட்ட ஆலோசகர்கள் அச்சொற்களை மறப்பதில்லை. அதனால்தான் அவை இவ்வாக்குறுதியைக் கோட்பாடு என்கின்றன, கொள்கை என்கின்றன, நிலைப்பாடு என்கின்றன. கடப்பாடு என்று மட்டும் சொல்வது அரிது. எழுத்தில் உள்ளது ஒன்றுண்டு. 1994இல் இரஷ்யாவும் சீனாவும் ஒன்றன்மேலொன்று அணுவாயுதத்தை முந்திப் பிரயோகியோம் என்று கூட்டாகக் கூறி, 2001ஆம் ஆண்டின் நட்புறவு உடன்படிக்கையில் அதனை மீண்டும் பொறித்தன. 1969இல் உசூரி ஆற்றங்கரையில் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்திய நாடுகள் இவை என்பதை நினைவிற்கொள்க. முடியாதது அன்று என்பதற்கு இதுவே சான்று.

இன்னும் பழையதோர் உதாரணம் நச்சுவாயுவைப் பற்றியது. 1925ஆம் ஆண்டின் ஜெனிவா ஒப்பந்தம் நச்சுவாயுப் பிரயோகத்தைத் தடைசெய்தது. பிரித்தானியா, பிரான்ஸ் முதலிய பல நாடுகள், எதிரி பிரயோகித்தால் இத்தடை எம்மைக் கட்டுப்படுத்தாது என்று எழுதிவைத்தே அதனை ஏற்றன. ஆகவே அது நடைமுறையில் முந்திப் பிரயோகியாமை உடன்படிக்கையே ஆயிற்று. இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானியாவும் ஜெர்மனியும் நச்சுவாயுவைக் களஞ்சியம் களஞ்சியமாக வைத்திருந்தும் போர்க்களத்தில் ஒன்றன்மேலொன்று பிரயோகிக்கவில்லை. வாக்குறுதி வென்றது என்று கைதட்டிவிடாதீர்கள். அதே ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட இத்தாலி 1935ஆம், 1936ஆம் ஆண்டுகளில் அபிசீனியாவின் மீது நச்சுவாயுவைப் பொழிந்தது. யப்பான் சீனாவிற் பிரயோகித்தது. ஜெர்மனியின் நாஜிகள் அடைபட்டுக் கிடந்த யூதர்களை நச்சுவாயுவாற் கொன்றனர். திருப்பியடிக்க வல்லவனுக்கு எதிரே வாக்குறுதி நின்றது. வல்லமையற்றவனுக்கு எதிரே நிற்கவில்லை. சிறிய நாடுகளில் வாழும் நாம் வாசிக்க வேண்டிய பாடம் இவ்விரண்டாவது பகுதியே. அணுகுண்டு போரிற் பிரயோகிக்கப்பட்டதும் இரண்டே முறை, 1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆந் திகதியும் 9ஆந் திகதியும். திருப்பியடிக்கக் குண்டில்லாத நாட்டின்மேல்.

உக்கிரேனின் கதையையும் ஒரு சொல்லிற் சொல்லிவிடுவோம். தன் மண்ணில் எஞ்சியிருந்த சோவியத் அணுவாயுதங்களை அந்நாடு கைவிட, 1994ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆந் திகதி புடாபெஸ்ட் நகரில் இரஷ்யாவும் அமெரிக்காவும் பிரித்தானியாவும் அதன் எல்லைகளை மதிப்பதாக ஒப்பமிட்டன. 2014இல் கிரிமியா பறிபோயிற்று. 2022ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதி பெரும் படையெடுப்புத் தொடங்கிற்று. மூன்றே நாளில் இரஷ்ய அணுப் படைகள் விசேட ஆயத்த நிலையில் வைக்கப்பட்டன. அந்தப் பத்திரத்தை மீறினால் என்ன தண்டனை என்று ஒரு வரியேனும் அதில் எழுதப்பட்டிருக்கவில்லை.

அச்சமே சமாதானத்தைக் காத்தது, எண்பது ஆண்டுகளாக வல்லரசுகள் நேரே பொருதவில்லை என்பார் உளர். பொருதவில்லை என்பது மெய். எதனாற் பொருதவில்லை என்பதே வழக்கு. 1962ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆந் திகதி கியூபாவுக்கு அண்மையில் பி-59 என்னும் சோவியத் நீர்மூழ்கியை அமெரிக்கக் கப்பல்கள் சூழ்ந்து, மேலெழச் செய்வதற்காகச் சிறு வெடிகளை வீசின. நீர்மூழ்கியில் அணுத் தலை பூட்டிய டோர்ப்பிடோ ஒன்று இருந்தது. அமெரிக்கர் அதனை அறியார். உள்ளே வெப்பம் தாங்கொணாதது, மொஸ்கோவுடன் தொடர்பில்லை. போர் தொடங்கிவிட்டதென்று கருதிய தளபதி அதனை ஆயத்தம் செய்யப் பணித்தார் என்றும், உடனிருந்த அதிகாரி ஆர்க்கிபோவ் அவரைச் சாந்தப்படுத்தினார் என்றும் அக்கலத்திலிருந்தவர் பின்னாளில் கூறினர். அன்று உலகைக் காத்தது அச்சமன்று. ஒரு மனிதனின் நிதானம்.

1983ஆம் ஆண்டு செப்ரெம்பர் 26ஆந் திகதி நள்ளிரவிலே, அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டது என்று சோவியத் எச்சரிக்கை நிலையத்தின் யந்திரங்கள் அலறின. பணியிலிருந்த பெத்ரோவ் என்னும் அதிகாரி, யுத்தம் தொடங்குபவன் ஐந்தோடு தொடங்குவானா என்று சிந்தித்து, இது பொய்ச் சமிக்ஞை என்று மேலிடத்துக்கு அறிவித்தார். முகில்களிற் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செய்மதி ஏவுகணையென்று மயங்கியது பின்னர் தெரியவந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, 1983இல் சோவியத் யூனியனின் வாக்குறுதி நடைமுறையில் இருந்தது என்பதே. ஓராண்டுக்கு முன்னர்தான் அவர்கள் முந்திப் பிரயோகியோம் என்று கூறியிருந்தார்கள். பெத்ரோவ் வேறுவிதமாக அறிவித்து, மேலிடமும் பொத்தானை அழுத்தியிருந்தால், தாம் வாக்குத் தவறவில்லை, இரண்டாவதாகவே பிரயோகித்தோம் என்று நம்பிக்கொண்டே அவர்கள் உலகை எரித்திருப்பர்.

எமது தண்டனைச் சட்டக்கோவையிலே தற்காப்புரிமை என்றொன்று உண்டு. எதிரே வருபவன் கத்தியோடு வருகின்றான் என்று நல்லெண்ணத்தோடு நம்பி அடித்தவனுக்கு, வந்தவன் கையில் இருந்தது கத்தியன்று என்று பின்னர் தெரிந்தாலும், ஒரு நியாயம் கிடைக்கும். வீட்டு முற்றத்துச் சண்டைக்கு அது பொருந்தும். பிழை நேர்ந்தால் இறப்பவர் ஒருவர், விசாரிக்க நீதிமன்றம் இருக்கும். ஏவுகணை வந்துசேர முப்பது நிமிடம். நீர்மூழ்கியிலிருந்து ஏவினால் அதனினும் குறைவு. எச்சரிக்கை கிடைத்த மாத்திரத்தே ஏவுதல் என்னும் ஏற்பாடு இருக்கும்வரை, முந்தியவர் யார் பிந்தியவர் யார் என்பதே தெரியாமற் போய்விடும். போலந்து அரசாங்கம் 2005ஆம் ஆண்டில் பகிரங்கப்படுத்திய 1979ஆம் ஆண்டு வோர்சோ ஒப்பந்தப் போர்த்திட்டத்தைப் பாருங்கள். மேற்கு ஐரோப்பாவின் நகரங்கள்மேல் அணுகுண்டு வீசும் அத்திட்டத்திலும் முதலடி எதிரியினுடையது என்றே எழுதப்பட்டிருந்தது. எந்த நாட்டின் போர்த்திட்டத்தில்தான் முதலடி தன்னுடையது என்று எழுதியிருக்கும்?

ஆகவே சொல்லைக் கேட்பதோடு களஞ்சியத்தையும் பார்க்க வேண்டும். அணுத் தலையை ஏவுகணையினின்று கழற்றி வேறிடத்திற் பூட்டி வைத்திருப்பவனது வாக்கை ஓரளவு நம்பலாம். அவன் விரும்பினாலும் உடனே ஏவ முடியாது. சீனா நெடுங்காலம் அவ்வாறே வைத்திருந்தது என்பதே ஆராய்ச்சியாளரின் கணிப்பு. இப்பொழுதோ அது பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான ஏவுகணைக் குழிகளைத் தோண்டியுள்ளது. அதன் குண்டுகள் 600 அளவை எட்டியதாக 2025ஆம் ஆண்டில் ஸ்டொக்ஹோம் சமாதான ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டது. வாக்குறுதி மாறவில்லை, வாக்குறுதிக்குச் சாட்சி சொன்ன நிலைமை மாறுகின்றது. சாட்சி மாறிய வழக்கை எந்த நியாயவாதியும் பழைய நம்பிக்கையோடு நடத்துவதில்லை.

எமது அயலுக்கு வருவோம். இந்தியாவும் பாக்கிஸ்தானும் 1998ஆம் ஆண்டு மே மாதத்தில் குண்டுகளை வெடித்தன. 2003ஆம் ஆண்டு ஜனவரி 4ஆந் திகதி இந்திய அரசாங்கம் முந்திப் பிரயோகியாமைக் கொள்கையை முறையாக அறிவித்தது. இரசாயன, உயிரியல் ஆயுதத் தாக்குதலுக்கும் அணுவாயுதத்தால் விடையளிக்கும் உரிமையை அதிலேயே விலக்காக வைத்துக்கொண்டது. தரைப்படையிற் குறைந்த பாக்கிஸ்தான், ஐரோப்பாவில் அன்று மேற்கு நாடுகள் சொன்னதையே சொல்லி வாக்களிக்க மறுத்தது. 2011இல் 60 கிலோமீற்றர் மாத்திரமே செல்லும் நஸ்ர் என்னும் ஏவுகணையைப் பரிசோதித்தது. இந்தியப் படை எல்லை கடந்தால் களத்திலேயே பிரயோகிப்பதற்கானது அது. 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பொக்ரானில் நின்று இந்தியப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், இன்றுவரை எமது கொள்கை இதுவே, எதிர்காலத்தில் என்ன நிகழும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்ற கருத்தை வெளியிட்டார். சூழ்நிலையைப் பொறுத்தது என்ற சொற்றொடர் ஓர் ஒப்பந்தத்தில் இருந்தால் அதில் ஒப்பமிட வேண்டாமென்றே எம்மிடம் வருவோருக்கு நாம் ஆலோசனை கூறுவோம்.

அவர்கள் சண்டை அவர்களோடு என்று கமக்காரர் எவரும் எண்ணிவிட வேண்டாம். எரியும் நகரங்களின் புகைக்கரி வான்மண்டலத்தின் மேலே சென்று ஆண்டுக்கணக்காக நின்று வெயிலை மறைக்கும். வெப்பம் குறையும், மழை குன்றும், விளைச்சல் வீழும். 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளியான சர்வதேச ஆய்வொன்று, இந்தியாவும் பாக்கிஸ்தானும் பொருதினாற் போரில் இறப்போருக்கு மேலாக உலகெங்கும் 200 கோடிப் பேர் பசியால் மடியக்கூடும் என்றும், அமெரிக்காவும் இரஷ்யாவும் பொருதினால் அத்தொகை 500 கோடியைத் தாண்டும் என்றும் கணித்தது. கணிப்புத்தான், கூடலாம், குறையலாம். ஆனால் பருவமழையை எதிர்பார்த்து விதைக்கின்ற, பிறநாட்டு உரத்தையும் எண்ணெயையும் கோதுமையையும் கொண்டு வாழ்கின்ற ஒரு தீவு அக்கணக்கின் எந்தப் பக்கத்தில் நிற்கும் என்று கூற விஞ்ஞானி தேவையில்லை.

1996ஆம் ஆண்டு யூலை 8ஆந் திகதி சர்வதேச நீதிமன்றம், அணுவாயுதத்தைப் பிரயோகிப்பதும் அதனைக் காட்டி அச்சுறுத்துவதும் பொதுவாகச் சட்டத்துக்கு முரணானவை என்று கூறியது. ஓர் அரசின் உயிருக்கே ஆபத்து நேரும் வேளையில் எவ்வாறு என்பதை மட்டும் தீர்மானிக்க இயலாதென்று விட்டது. நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிய, தலைவரின் மேலதிக வாக்காலேயே அம்முடிவு எட்டப்பட்டது. அவ்வாசனத்தில் அமர்ந்திருந்த இலங்கையர் நீதியரசர் வீரமந்திரி, எச்சூழ்நிலையிலும் விலக்கின்றிச் சட்டவிரோதமே என்று மாறுபட்ட தீர்ப்பெழுதினார். அத்தீர்ப்பில் அவர் இராமாயணத்தையும் எடுத்தாண்டார்: படைக்கலம் ஏந்தாதோரையும் சேர்த்து எதிரியின் குலம் முழுவதையும் அழிக்கவல்ல அத்திரத்தை இலக்குவன் எடுக்க முற்பட்டபோது, இராமன் அதனைத் தடுத்த இடத்தை. அழிந்திருக்க வேண்டியது இலங்கை. சட்டத்தரணிகளாயுள்ள இளைஞர்கள் அத்தீர்ப்பை முழுவதும் வாசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம். நீண்டதுதான், ஆயினும் சலிப்பூட்டாது.

2024ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கை ஏற்றுக்கொண்டுள்ள ஐந்து அணுவாயுத நாடுகளும் தம்முள் முந்திப் பிரயோகியாமை உடன்படிக்கை செய்யலாம் என்று சீனா யோசனை முன்வைத்தது. 1994இலும் இத்தகையதொரு வரைவை அது கொடுத்திருந்தது. அதனை மறுத்தோர் சீனாவின் புதிய குழிகளைச் சுட்டுகின்றனர்; நியாயமே. அப்படியாயின் குழிகளையும் உடன்படிக்கைக்குள் கொண்டுவருக என்று கேட்பதே அறிவுடைமை. அணுத் தலைகளைப் பிரித்து வைத்தல், பார்வையாளரை அனுமதித்தல், எச்சரிக்கையின்மேல் ஏவும் ஏற்பாட்டை நீக்குதல், அணுவாயுதமில்லா நாட்டின்மேல் ஒருபோதும் பிரயோகியாமை ஆகிய நான்கும் எழுத்தில் இருந்தால் அது உறுதி. இல்லையேல் கோயில் வாசலிற் கொடுத்த வாக்கு.

இலங்கை 2023ஆம் ஆண்டில் அணுவாயுதத் தடை உடன்படிக்கையில் இணைந்துகொண்டது. ஆதலின் ஐக்கிய நாடுகள் சபையில் எமது நாட்டுப் பிரதிநிதி இந்நான்கு அம்சங்களையும் பெயர்சொல்லிக் கோர வேண்டுமென்ற தீர்மானம் இப்பொழுது உங்கள் முன் வைக்கப்படும். அதன் பிரதிகள் வாசலில் உள்ளன. வாசித்துப் பார்த்து, திருத்தம் இருப்பின் எழுதித் தாருங்கள். வாக்கெடுப்புக்கு முன் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.